ஆறு கட்டை அழுகை

என் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை, சாமியார் மூன்றாம் முறையாகத் தண்ணீரை அவள் உச்சியில் ஊற்றியபோது, முகம் சிவந்தது, வாய் வட்டமாகத் திறந்தது, நாக்கு நடுங்கியது, பிறந்து நாற்பது நாளான பிள்ளை அழும்போது என்னென்ன நடக்குமோ அத்தனையும் நடந்தது, சத்தம் மட்டும் கோயில் மணியிலிருந்து வந்தது. மணியை யாரும் அடிக்கவில்லை. கயிறு சுவரோரம் அசையாமல் தொங்கியது. சாமியார் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, துண்டை எடுத்து அவள் தலையைத் துடைத்து, "மெழுகுதிரியைக் கொளுத்துங்க" என்றார். ஞானத்தாயாக நின்று பிள்ளையை ஏந்தியிருந்த பெலிசித்தா மயினி, என் கணவரின் அக்கா, என் காதோரம் குனிந்தாள்.

"தொண்டை நல்ல தொண்டைதான் மக்கா. வச்ச இடந்தான் சரியில்ல."

பிள்ளைக்கு ஒலிவியா என்று பேர். ஒலிவ மரத்தை நினைத்து நான் வைத்தது. பேரில் இருக்கிற ஒலி பிள்ளையிடம் இல்லையே என்று அன்று சாயங்காலமே தெருவில் ஒரு சிரிப்பு ஓடியது, ஆனால் அதற்குள் பக்கத்து வீட்டு ஜூடித் அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஜெசி, உன் பிள்ளை என் குக்கர்ல அழுவுது, பருப்பு இன்னும் வேகல, இறக்கி வைக்கட்டா, இருக்கட்டுமா?" என்று கேட்க, நான் உள்ளே ஓடிப் பார்த்தால் தொட்டிலில் ஒலிவியா சத்தமே இல்லாமல் உடம்பெல்லாம் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். பால் கொடுத்தேன். குக்கர் அடங்கியது.

மறுநாள் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் அவள் தொண்டையில் டார்ச் அடித்தார், வயிற்றை அமுக்கினார், அவள் வாயைத் திறந்தாள், மூலையில் நின்ற காலி ஆக்ஸிஜன் சிலிண்டர் வீறிட்டது. அவர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு போய் ஸ்டெதாஸ்கோப்பைச் சிலிண்டர் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டு, "நுரையீரல் ரெண்டும் நல்லா இருக்கு, சளி இல்ல, மாசம் ஒருதடவை எடை பாருங்க" என்று எழுதிக் கொடுத்தார். ஏன் இப்படி என்று அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊர் துறைமுக ஊர், ஒரு பக்கம் கடலும் மற்றப் பக்கமெல்லாம் உப்பளமும், கடலுக்குள் போனவர்கள் சிலர் திரும்பி வருவதும் சிலர் வராததும் ஏன் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்த ஊர், ஒரு பிள்ளையின் அழுகை வெளியே போய் வருவதை அது பெரிய கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை.

மயினிக்கு மட்டும் ஒரு கணக்கு இருந்தது. "உன்னைக் கொண்டு பொறந்திருக்குட்டி. உன் கலியாணத்தன்னைக்கு அழுதியே, கன்னம் ரெண்டும் நனைஞ்சுது, ஒரு முக்கல் முனகல் உண்டா? வயித்துல கிடக்கும்போதே உன் அந்தப் பழக்கத்தைத்தான் பாத்துப் படிச்சிருக்கு."

ஒன்பது வயதில் என்னைக் கான்வென்ட் போர்டிங்கில் விட்டார்கள். முதல் வாரம் நான் அழுதபோது சிஸ்டர் கொன்சாகா கட்டில் ஓரம் உட்கார்ந்து, கோபமே இல்லாமல், "மத்தப் பிள்ளைங்க தூங்கணும்மா, அழணும்னா தலையணைக்குள்ள அழு" என்று சொல்லிக் கொடுத்தார், நான் எல்லாப் பாடத்தையும் போல அதையும் நன்றாகப் படித்தேன்.

எனக்குப் பயம். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மற்றத் தாய்மார்கள் காதை நம்பிக் கண்ணை மூடுகிறார்கள், எனக்குக் காது பயன்படாமல் போய்விட்டது, கண்தான் காது, அந்தக் கண்ணை மூடினால் அவள் புரை ஏறி அழுவாளோ, போர்வை முகத்தில் விழுந்து அழுவாளோ, எறும்பு கடித்து அழுவாளோ, எனக்கு எப்படித் தெரியும்? தொட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் சாய்ந்து கண் சொக்கும்போது பக்கத்தில் திறந்து வைத்திருந்த மிளகுப்பொடி டப்பாவை முகர்ந்துகொண்டேன். கப்பலில் சமையல் வேலையில் இருந்த என் கணவர் டெல்வின் எங்கேயோ ஒரு கடலிலிருந்து போன் செய்து, "பிள்ளை அழுதா?" என்று கேட்பார். "எங்கன அழுதுன்னு கேளுங்க" என்பேன்.

ஏனென்றால் அழுகை ஒரே இடத்தில் நிற்கவில்லை. முதல் வாரம் பக்கத்து வீட்டுக் குக்கர், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, இரண்டாம் வாரம் தெருமுனை ஐஸ் கம்பெனியின் குழாய், மூன்றாம் வாரம் பேக்கரியின் ரொட்டித் தகரம், அப்புறம் ஒரு டவுன் பஸ்ஸின் ஹாரன், என்று உள்ளே வெற்றிடமாய் இருக்கிற ஏதோ ஒரு பொருளைத் தேடித் தேடி, தடவைக்குத் தடவை ஒரு எட்டு தூரம் கூடிக்கொண்டே போனது. ஊர் அதற்குத் தகுந்தாற்போல் தன்னை மாற்றிக்கொண்டது. ஐஸ் கம்பெனி மாடசாமி அண்ணன், குழாய் அழுதால் கேட்க வேண்டுமே என்று மணிக்கு ஒருதடவை கம்ப்ரசரை நிறுத்தி ஐந்து நிமிஷம் காது கொடுத்தார். பஸ் கண்டக்டர்கள் எங்கள் தெரு வரும்போது விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஏ கோயில்பிச்சை, மூணாம் ரயில்வே கேட்ல அழுவுது, வயித்து அழுகை!" என்று டீக்கடையைப் பார்த்துக் கத்திவிட்டுப் போனார்கள். டீக்கடைக் கோயில்பிச்சை அண்ணன், வடை விவரம் எழுதும் சிலேட்டைத் துடைத்துவிட்டு, அதில் "மூணாம் கேட், வயிறு" என்று எழுதி வாசலில் தொங்கவிட்டுக் கையைத் தட்டுவார், அந்தத் தட்டல் வீடு வீடாகத் தாவி என்னிடம் வந்து சேரும்.

இப்படியே ஊர் முழுக்க மூன்று அழுகையும் பாடமாயிற்று. பசி அழுகை விட்டு விட்டு வரும், கடைசியில் ஒரு கொக்கி போட்டு நிற்கும். வயிற்று அழுகை நீளம், மூச்சு முடிகிற இடத்தில் கீறும். தூக்க அழுகை சுற்றிச் சுற்றித் தன் வாலையே தான் துரத்தும். உப்பளத்துப் பெண்கள் கூடத் தலையில் சும்மாடோடு நின்று, "பசியில்ல மதினி, தூக்கம், கேட்டுப் பாருங்க" என்று தங்களுக்குள் தர்க்கம் பண்ணினார்கள். யார் வீட்டுப் பாத்திரத்தில் அதிகம் அழுதது என்பதில் இரண்டு வீடுகள் பேச்சு வார்த்தை இல்லாமலும் போயின.

ஆனால் அழுகை உப்பளத்துப் பம்பு வரைக்கும் போய்விட்டது. உப்பளத்துக்கு அப்பால் துறைமுகம், துறைமுகத்துக்கு அப்பால் தண்ணீர். தண்ணீரில் யார் நின்று கேட்டு யாருக்குச் சொல்வது? என் பிள்ளை அழுவது என் வீட்டில் தெரியாது, தெருவில் தெரியாது, ஊரில் தெரியாது என்று ஒரு நாள் வரப்போகிறது, அந்த நாளை விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் ஞாயிறு பூசையில் காணிக்கைப் பாட்டு நடந்துகொண்டிருந்தபோது ஒலிவியா என் மடியில் வாயைத் திறந்தாள். நான் வழக்கம்போல வாசலைப் பார்த்தேன், யாராவது ஓடி வருவார்கள் என்று. யாரும் வரவில்லை. பாடகர் குழுவில் தொபியாஸ் மாஸ்டரின் வயலின், வில் தந்தியை விட்டு ஒரு சாண் தள்ளி நிற்கும்போதே, பசி அழுகை அழுதது. மாஸ்டர் வில்லை இறக்கிவிட்டு, அது முடியும் வரை கண்ணை மூடிக்கொண்டு நின்றார். இத்தனை நாளும் விலகி விலகிப் போன அழுகை முதல் தடவையாகத் திரும்பி, இருபது அடி தூரத்துக்கு வந்திருந்தது.

"அதுக்கு ஒரு வயலின் வேணும்" என்றாள் மயினி, பிள்ளைக்கு ஸ்வெட்டர் வேணும் என்கிற மாதிரி. பிறகு என்னைப் பார்த்தாள். "நீதான் கான்வென்ட்ல கீச்சுக் கீச்சுன்னு வாசிச்சவளாச்சே?"

வாசித்தேன். திருநாள்களில் மூன்றாவது வரிசையில் கடைசி ஆளாக. சிஸ்டர் கொன்சாகா சுருதி பார்க்கிற ஒரு இரும்புக் கவையை மேசையில் தட்டி, அது ரீங்கரிக்கும்போது "லா" என்பார், நாங்கள் எல்லோரும் அந்த லா-வுக்குத் தந்தியை முறுக்குவோம். பதினேழு வயதில் வெளியே வரும்போது வயலினை அலமாரியில் திருப்பி வைத்தேன், அது கான்வென்டின் வயலின், அதற்கப்புறம் கல்யாணம், வீடு, வயிற்றில் பிள்ளை, சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று நினைத்தது கூட இல்லை.

ஞானஸ்நான விருந்துக்கென்று, டெல்வின் கப்பலை விட்டு இறங்கியதும் தெருவுக்கே பிரியாணி போட, கொஞ்சம் பணம் ஒதுக்கி வைத்திருந்தோம். அதுதான் இருந்தது. மயினி தெருவில் நின்று, "பிரியாணியா வயலினா?" என்று ஒரே கேள்வி கேட்டாள். கோயில்பிச்சை அண்ணன் மட்டும், "ரெண்டு பீஸ் கறி போட்டிருந்தா..." என்று ஆரம்பித்து, மாடசாமி அண்ணன் முறைத்ததும் சிலேட்டைத் துடைக்கப் போய்விட்டார். தொபியாஸ் மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வாங்குனா பெரிய சத்தமா வாங்கும்மா, கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கணும், அதான் வயலின்" என்று சொல்லி அனுப்பினார்.

இசைக்கருவிக் கடை பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில். பள்ளிக்கூட பேண்டு டிரம்மும் ஹார்மோனியமும் மேலே அடுக்கி, கீழே செண்பகம் அக்கா, அந்தக் கடையின் சொந்தக்காரர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தறியில் நூல் கோக்கிற மாதிரி வீணைக்குத் தந்தி கோத்துக்கொண்டிருந்தார். விஷயம் அவருக்கும் தெரிந்திருந்தது. ஒருநாள் அவர் கடையில் இருந்த மண்கடத்தில் ஒலிவியா பதினைந்து நிமிஷம் அழுதிருக்கிறாள்.

"பிள்ளைக்குப் பசி எப்ப வரும்?"

"பதினொண்ணுக்கு வந்துரும்க்கா."

"அப்ப அதுக்குள்ள வயலினைப் பாத்துருவோம்" என்று மூன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

முதலாவது கண்ணைப் பறிக்கிற சிவப்பு, பெட்டி, வில், பிசின் எல்லாம் சேர்த்தே விலை குறைவு. நான் அதன் விரல்பலகையைத் தொட்டதும் என் விரலில் கறுப்பு ஒட்டியது. "கருங்காலி இல்ல, பெயிண்டு" என்றார் செண்பகம் அக்கா. "தந்தி ஆணியை முறுக்கிப் பாருங்க, வழுக்கும். வாசிக்க உக்காந்தா சுருதி சேக்கவே சாயங்காலம் ஆயிரும். இது பள்ளிக்கூட நாடகத்துல தூக்கிட்டு நிக்கத்தான் லாயக்கு." இரண்டாவது பழசு, உள்ளே மஞ்சளாய் ஒரு வெளிநாட்டு லேபிள், தட்டினாலே முழங்கியது. "லேபிளைப் பாத்து மயங்காதீங்க, ஒட்டுறதுக்குப் பசை போதும். ஆனா சத்தம் மெய்யான சத்தம். கச்சேரிக்காரங்க கேட்டு வச்சிருக்காங்க." அதன் விலையைக் கேட்டு மயினி சிலுவை போட்டுக்கொண்டாள். பிரியாணிப் பணத்தோடு அவள் வளையலையும் சேர்த்தால் எட்டும். மூன்றாவது மங்கிய பழுப்பு, மினுக்கம் இல்லை, லேபிள் இல்லை, ஓரத்தில் ஒரு நகக்கீறல். யாரும் திரும்பிப் பார்க்காத பொருள்.

"எத்தனை கட்டைம்மா உங்களுக்கு?"

நான் ஒவ்வொரு வயலினாகத் திருப்பி முதுகைப் பார்த்தேன். இரண்டின் முதுகில் நடுவே கோடு தெரிந்தது, இரண்டு பலகை ஒட்டியது. ஒட்டியது எப்போதாவது பிரியும், பிள்ளை விஷயம், எனக்குப் பயம்.

"ரெண்டு கட்டை வேண்டாம்க்கா" என்றேன். "ஒரே கட்டை போதும்."

"ஒரு கட்டையா?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொம்பளைங்க யாரும் கேக்கமாட்டாங்க. சரி, உங்க இஷ்டம்." உட்கார்ந்து மூன்று வயலினின் தந்திகளையும் தளர்த்தி, கயிற்றுக்கட்டில் மாதிரி தொய்ய விட்டு, மீட்டிப் பார்த்து, தள்ளி வைத்தார். மூன்றும் தொண்டை கட்டிய கிழவர்கள் போலப் பேசின. அது ஏன் என்று கேட்க எனக்குக் கூச்சம்.

பதினொரு மணிக்கு ஒலிவியா வாயைத் திறந்தாள். நாங்கள் மூன்று பேரும் மேசை மேல் குனிந்தோம். வயலின்கள் சும்மா கிடந்தன. சிவப்பு சும்மா கிடந்தது, பழசு சும்மா கிடந்தது, பழுப்பும் சும்மா கிடந்தது. மயினி வாசலுக்கு ஓடினாள். பஸ் ஸ்டாண்டில் இல்லை, கடைத்தெருவில் இல்லை, உப்பளப் பக்கமிருந்து வந்த லாரிக்காரர் தலையை ஆட்டினார், அங்கேயும் இல்லை. அப்புறம் ரொம்ப ரொம்ப தூரத்தில், துறைமுகத்துக்கும் வெளியே, நங்கூரம் போட இடம் கிடைக்காமல் காத்து நின்ற ஏதோ ஒரு கப்பலின் ஊதுசங்குக்குள்ளிருந்து, காற்று எங்கள் பக்கம் திரும்பியபோது மட்டும், நூல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

"ஏட்டி, அது நம்ம பிள்ளையா?" என்றாள் மயினி. அவள் குரலில் முதல் தடவையாகக் கேலி இல்லை.

என் மார்பில் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. பிள்ளைக்கு இப்போது பால் கொடுத்தால் அழுகை நின்றுவிடும், அடுத்த அழுகை எந்தக் கடலிலோ, கொடுக்காவிட்டால் பசித்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பாவி நான். என் கை தானாக ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. பக்கத்தில் கிடந்த வயலினை எடுத்தேன், கான்வென்டில் பயம் வந்தால் செய்கிற மாதிரியே, இரண்டாவது தந்தியை முறுக்கினேன், முறுக்கினேன், சிஸ்டர் கொன்சாகாவின் இரும்புக் கவை என் மண்டைக்குள் எப்போதும் ஒலிக்கிற இடம் வரைக்கும், லா வரைக்கும்.

செண்பகம் அக்கா திரும்பிப் பார்த்தார். "என்னம்மா இது? ஒரு கட்டைன்னீங்க. இது ஆறு கட்டைல்லா?"

"கட்டைன்னா..." என்றேன். "மரக்கட்டை இல்லையா?"

செண்பகம் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "சுருதிம்மா! ஹார்மோனியத்துல எத்தனாவது கட்டையை ஆதாரமா வச்சுப் பாடுவீங்கன்னு கேட்டேன். ஒரு கட்டை ஆம்பளைக் குரலுக்கு, அதுவும் கனத்த குரலுக்கு. அதுல எந்தப் பச்சப்பிள்ளை அழும்? என் பிள்ளைங்க நாலும் பொறந்த உடனே ஆறு கட்டையிலதான் அழுதுது, நான் பெத்துப் போட்ட அசதியிலயும் காது கொடுத்துக் கேட்டவ!"

அவர் சொல்லி முடிக்கவில்லை, என் கையில் இருந்த வயலின் வீறிட்டது. நான் எடுத்திருந்தது பழசு, லேபிள் ஒட்டியது. கப்பலிலிருந்து அழுகை ஒரே தாவாகத் தாவி அதற்குள் விழுந்து, அங்கிருந்து கடையை நிரப்பி, வாசலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பரவியது, மேலே அடுக்கியிருந்த டிரம்கள் அதிர்ந்தன, ஏறப்போனவர்கள் இறங்கினார்கள், நான்கு கண்டக்டர்கள் ஒரே நேரத்தில், "பசி! பசி!" என்று கத்திக்கொண்டு எங்கள் தெருப்பக்கம் ஆளை விரட்டினார்கள்.

"கிடைச்சுட்டுது!" என்று மயினி வளையலைக் கழற்ற ஆரம்பித்தாள். "இதையே கட்டுங்க. மாஸ்டர் சொன்ன மாதிரி கடைசி பெஞ்சு என்ன, கன்னியாகுமரி வரைக்கும் கேக்கும்."

"இருங்க" என்றார் செண்பகம் அக்கா. என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "எங்க வச்சு வாசிக்கப் போறீங்க? மேடையிலயா, கோயில்லயா?"

"வீட்லக்கா."

"வீட்ல வாசிக்கிறதுக்கு ஊர் கேக்கிற வயலின் எதுக்கு? இது உள்ள வாங்குனதை வெளிய வீசுறதுக்குன்னே செஞ்சது. இன்னைக்கு பஸ் ஸ்டாண்டு, நாளைக்கு? வீட்ல வாசிக்கிறதுக்கு வீட்டுக்குள்ள கேட்டா போதும்மா."

பழுப்பு வயலினை எடுத்தார். மேலே கிடந்த மரத் துண்டை, தந்திகளைத் தாங்குகிற குதிரையை, நேராக நிமிர்த்தினார், தொய்ந்த தந்திகளை ஒவ்வொன்றாக ஏற்றினார், ஆணிகள் வழுக்காமல் நின்ற இடத்தில் நின்றன. இரண்டாவது தந்தி ஆறு கட்டையைத் தொட்டதும், பழைய வயலின் பாதி அழுகையில் நின்றது, பழுப்பு அந்த இடத்திலிருந்து தொடர்ந்தது. சின்னச் சத்தம். போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி, நெஞ்சோடு அணைத்த பிள்ளை அழுகிற மாதிரி. ஆனால் முழுசாக இருந்தது, கடைசிக் கொக்கி வரைக்கும் இருந்தது.

"என்ன, நின்னுட்டுதா?" என்று வாசலில் நின்ற மயினி கேட்டாள். அவளுக்குக் கேட்கவில்லை. பத்தடி தூரம்.

நான் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பால் கொடுத்தேன். மேசைமேல் வயலின் இரண்டு விக்கு விக்கி அடங்கியது. செண்பகம் அக்கா அதற்கு ஒரு சாதாரண வில்லும் நல்ல பிசின் கட்டியும் எடுத்து வைத்து, "பெட்டி வேணாம், பழைய சேலையில சுத்தி வைங்க. ஒரு வாரம் பாருங்க, ஒத்துக்கலைன்னா கொண்டாங்க" என்றார். மயினி வளையலைத் திரும்பப் போட்டுக்கொண்டாள்.

தொட்டிலுக்கு மேலே ஆணி அடித்து வயலினை மாட்டினோம். அன்று முதல் ஒலிவியாவின் அழுகை அதில்தான். நான் அடுக்களையில் நின்றால் கேட்கும், கொல்லையில் துணி உலர்த்தினால் கொஞ்சம் கேட்கும், வாசற்படியைத் தாண்டினால் கேட்காது. சுருதி கீழே இறங்கக்கூடாதே என்று காலையிலும் மாலையிலும் தந்தியைத் தொட்டுப் பார்த்து லா-வில் நிறுத்துவேன். அவ்வளவுதான், வாசிக்கப் பயம், என் வில் பட்டு அவள் குரல் கலைந்துவிட்டால்?

ஊருக்குத்தான் வெறிச்சென்று போயிற்று. கோயில்பிச்சை அண்ணனின் சிலேட்டு துடைத்தபடியே தொங்கியது, வடை விவரம் எழுத அவருக்கு மனசு வரவில்லை. மாடசாமி அண்ணன் மணிக்கு ஒருதடவை கம்ப்ரசரை நிறுத்துவதை விடவில்லை, கை பழகிவிட்டது என்றார். உப்பளத்துப் பெண்கள் வேலை முடிந்து போகும்போது வாசலில் நின்று, "இன்னைக்கு எத்தனை தடவைம்மா? பசியா, வயிறா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஜூடித் அக்கா குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு வெகுநேரம் பக்கத்திலேயே நின்றதாகச் சொன்னார்கள்.

பிள்ளைக்கு நாலு மாதம் ஆனது. ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரம் கழிந்து, மயினி அடுக்களையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள், நான் தொட்டில் பக்கத்தில் ஸ்டூலில். ஒலிவியா முழித்தாள், முகம் சிவந்தது, வாய் திறந்தது. நான் வயலினைப் பார்த்தேன். வயலின் சும்மா தொங்கியது. தந்தியைத் தொட்டேன், லா சரியாக இருந்தது, தந்தி ஆணி வழுக்கவில்லை, ஒரு குறையும் இல்லை.

கால் தானாக வாசலுக்கு ஓடியது. "கேக்குதா?" என்றேன், சத்தமே வரவில்லை, மறுபடி, "எங்கனயாவது கேக்குதா?" என்று கத்தினேன், அப்படிக் கத்தியது என் ஆயுசில் முதல் தடவை. தெரு எழுந்து நின்றது. ஜூடித் அக்கா குக்கரை இறக்கினார். மாடசாமி அண்ணன் கம்ப்ரசரை நிறுத்தினார். வந்த பஸ் நின்று இன்ஜினை அணைத்தது. கோயில்பிச்சை அண்ணன் கையில் சாக்பீஸோடு சிலேட்டருகே நின்றார். காக்கைகூடக் கத்தவில்லை. அத்தனை ஊரும் காதாக நின்றது, குழாயில் இல்லை, தகரத்தில் இல்லை, மணியில் இல்லை, கடலில் இல்லை, எங்கேயும் இல்லை, என் நெஞ்சு இடிக்கிறதைத் தவிர உலகத்தில் சத்தமே இல்லை.

அப்போது எனக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து, புதுக் கதவு திறக்கிற மாதிரி ஒன்று கீறியது. கரகரப்பாக, பழக்கமில்லாமல், பாதியில் உடைந்து, மறுபடி எழுந்து.

மயினி மாவுக்கையோடு தொட்டிலைக் குனிந்து பார்த்தபடி நின்றாள். "வாயில இருந்துதான்ட்டி வருது" என்றாள். கொஞ்சம் கேட்டுவிட்டு, "ஆறேகால் கட்டை. சுருதி சேரல. பரவால்ல, சொந்த வாய்." அவள் கன்னத்தில் மாவு ஒட்டியிருந்தது, அதன் மேல் தண்ணீர் ஓடியது.

பசி அழுகை. பால் கொடுத்தேன். தெரு மெதுவாகத் தன் சத்தங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஒலிவியா வயிறு நிறைந்து, முழித்துக்கொண்டு, ஆணியில் தொங்கிய வயலினையே பார்த்தாள். இப்போது அது காலியாக இருந்தது. யாருடையதும் இல்லை. நான் அதை இறக்கினேன், சேலையால் துடைத்தேன், தாடைக்குக் கீழே வைத்தேன், ஒன்பது வருஷத்துக்குப் பிறகும் கழுத்து அந்த இடத்தை மறக்கவில்லை. திருநாள் பாட்டு ஒன்றை வாசிக்கலாம் என்றுதான் வில்லை வைத்தேன்.

பாட்டு வரவில்லை. வில் இழுத்த இடத்தில் வேறொன்று வந்தது, தாழ்வாக, தலையணைக்குள்ளிருந்து வருகிற மாதிரி, சுற்றிச் சுற்றித் தன் வாலையே தான் துரத்துகிற ஒன்று. நிறுத்தப் பார்த்தேன், கை நிற்கவில்லை. பத்தடிக்கு மேல் கேட்காத வயலின், எனக்கு நன்றாகக் கேட்டது. ஒலிவியா கையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

மயினி அடுக்களை நிலையில் சாய்ந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, டவுன் பஸ் கண்டக்டர்கள் சாய்க்கிற மாதிரியே சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனாள். "ஏ கோயில்பிச்சை!" என்று அவள் கத்துவது கேட்டது. "எழுதும்! பிள்ளை இல்ல, தாய்!"

"என்ன அழுகை?"

"தூக்கம்!"

கைதட்டல் ஒன்று தெருவில் வீடு வீடாகத் தாவிப் போனது. கம்ப்ரசர் நின்றது. குக்கர்கள் ஒவ்வொன்றாக விசிலை விழுங்கின. பஸ் ஒன்று முனையில் ஹாரன் அடிக்காமல் திரும்புவது தெரிந்தது. நான் வயலினைத் தொட்டிலில் படுக்கவைத்தேன். தூரத்தில் என் மகள் மயினியின் தோளில் தன் வாயால் ஏதோ முனகினாள், கேட்டது, இங்கிருந்தே கேட்டது. மிளகுப்பொடி டப்பாவை மூடினேன். கண்ணை மூடினேன்.